சல்யூட்

"பையைக் கவுத்துக் காட்டும்மா."

வாட்ச்மேன் தரையைப் பார்த்தபடிதான் சொன்னார். தோல் வெட்டும் கட்டர் அக்கா கவிழ்த்தாள். பிளாஸ்டிக் டப்பா, சீப்பு, மகளுக்கு வாங்கிய ரிப்பன், நாலு பேர் பார்க்கக் கூடாத ஒன்று, எல்லாம் மேசையில் விழுந்தன. வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

செருப்புக் கம்பெனியில் தோல் வெட்டும் இரும்பு அச்சைக் காணவில்லை. அது இல்லாவிட்டால் நாளை ஆர்டர் போகாது. வியாபாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மேனேஜர், தோளில் பையோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

முன்பெல்லாம் ஒரு ஊசி தொலைந்தாலும் எல்லாரும் மேசைக்கடியில் புகுந்து தேடுவார்கள். கேட்டில் மெட்டல் டிடெக்டர் வந்த பிறகு யாரும் குனிவதில்லை. அதிகாரிகளுக்கு அது கத்தினால் வாட்ச்மேன் சல்யூட் அடிப்பார். தொழிலாளிகளுக்குக் கத்தாவிட்டாலும் பையைக் கவிழ்க்க வேண்டும். மேனேஜர் போட்ட சட்டம்.

"கடைசியா அச்சு யார்கிட்ட இருந்துச்சு?" என்றார் மேனேஜர்.

"எங்கிட்டதான் சார். நேத்து தொடச்சு, எண்ணெய் தடவி என் மேசை மேலதான் வச்சேன்."

"அப்புறம் கால் மொளச்சு நடந்து போச்சா?"

அவள் சிதறிக் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ரிப்பன் கை தவறிக் கீழே விழுந்தது.

"நம்ம கம்பெனிங்கிற நெனப்பு கொஞ்சமாவது வேணாமா உங்களுக்கெல்லாம்?"

"இருந்துச்சு சார்," என்றாள் மெதுவாக. "பையைக் கவுக்கச் சொல்ற வரைக்கும் இருந்துச்சு."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. அதைக் கோபமாக மாற்றிக்கொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"நாளையிலேருந்து நீ வர வேணாம். மொதலாளிகிட்ட இப்பவே சொல்லிடறேன்."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான் என்பது வரிசையில் எல்லாருக்கும் தெரியும்.

மேனேஜர் விறுவிறுவென்று கேட்டுக்குள் நுழைந்தார். மெஷின் வீலென்று கத்தியது.

வாட்ச்மேனின் கை பழக்கத்தில் நெற்றிவரை போனது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

காலையில் வியாபாரிக்குக் காட்ட, கட்டர் அக்காவின் மேசையில் இருந்த மாதிரித் தோல்களை மொத்தமாக அள்ளிப் பையில் திணித்தது மேனேஜருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பையின் அடியில் கனமாக ஏதோ கிடந்ததும் நினைவுக்கு வந்தது. பையை மார்போடு இறுக்கிக்கொண்டார். வரிசை முழுவதும் அவரையே பார்த்தது.

வாட்ச்மேன் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

"பையைக் கவுத்துக் காட்டுங்க சார்."