ஒரே ஒரு வரி

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் ஆபீஸ் வாசலில் உச்சிவெயில் வெள்ளையாகக் கொதிக்கிறது. கேட்டருகே, மதுரைக்குக் கிளம்பவேண்டிய லாரி பட்டாசு லோடோடு காய்ந்துகொண்டு நிற்கிறது. கேட்டைத் தாண்ட ஒரு சீட்டு வேண்டும். அதை அச்சடிக்க வேண்டிய கம்ப்யூட்டரோ, காலையில் தானாக அப்டேட் ஆனதிலிருந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று அடிக்கிறது. டிரைவர் சங்கிலிமுத்து தார்ப்பாயை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை எடுக்கிறார். ஜன்னல் வழியே அதைப் பார்க்கும் கிளார்க் அய்யம்மாள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைக்கிறாள். போன மாதம் இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக்கொடுத்த காளீஸ்வரன், விருதுநகரிலிருந்து போனில் சிரித்தபடி பேசுகிறான்.

“பயப்படாதீக அக்கா. நான் சொல்ற ஒரே ஒரு வரிய அடிங்க, சரியாயிரும்.”

“நாலு தடவ அடிச்சாச்சு.”

“அப்ப எங்கனயோ தப்பா அடிச்சிருக்கீக. லினக்ஸ் நல்ல சரக்குக்கா. நாமதான் கொஞ்சம் படிச்சுக்கிடணும்.”

அய்யம்மாள் மேசைமேல் சாம்பிளுக்கு இருக்கும் புஸ்வாணத்தை எடுத்து, அவன் எதிரே நிற்பதுபோலப் போனுக்கு முன்னால் நீட்டுகிறாள். அதன் உச்சியில் திரி நிமிர்ந்து நிற்கிறது.

“தம்பி, இத வாங்குறவுக மருந்து கலக்கப் படிச்சுட்டா வாராக? திரியில நெருப்பு வச்சா பூக்கணும், அம்புட்டுத்தான். நமுத்த சரக்க வித்துட்டு, உங்களுக்குப் பத்தவைக்கத் தெரியலன்னு சொன்னா, மூஞ்சியில விட்டெறிய மாட்டாகளா?”

போனில் சிரிப்பு நின்றுவிடுகிறது. லாரி இன்னும் வெயிலில்தான் நிற்கிறது.