நிலாவரைத் தேசிக்காய்

தேசிக்காயைக் கண்ணாற் கண்டவர் யார் என்பதே பரமலிங்கம் மாஸ்டரின் முதற் கேள்வியாக இருந்தது.

"நான்தான் கண்டனான்" என்றாள் செல்வநாயகி.

இருவரும் புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றின் கற்படியில் நின்றார்கள். இக்கிணற்றில் இட்ட தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், நிலத்தின் கீழாகவே சென்று, காததூரத்துக்கு அப்பால், கடலோரத்துக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது இராமர் பேரால் வழங்கிவரும் கதை.

செல்வநாயகி அக்கேணிக் கரையில் பெட்டிக்கடை வைத்திருந்தவள். தொண்ணூறாம் ஆண்டு இராணுவம் வந்தபோது உடுத்த சேலையோடு ஓடிவந்து, இப்போது புத்தூர்ப் பக்கத்தில் அகதிமுகாமொன்றில் இருந்தாள். கேணியில் தேசிக்காய் மிதக்கக் கண்டவர்கள் உண்டோ என்று மாஸ்டர் முகாமில் விசாரித்தபோது, முந்திக்கொண்டு வந்தவள் அவளே.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சரித்திரம் படிப்பிப்பவர். பழங்கதை என்று காதில் விழுந்தால் உரைகல்லும் கையுமாகப் புறப்பட்டுவிடுவார். அரசன் புதைத்த பொன், பறங்கியர் வெட்டிய சுரங்கம், தலையில்லாத குதிரை, ஒன்றும் அவரிடம் தப்பியதில்லை.

"ஊரிலை ஒரு பேயைக்கூட நீங்கள் மிச்சம் விடேல்லையாம், மாஸ்டர். இப்ப கிணத்துக்கும் சோதினையோ?" என்று செல்வநாயகி பகிடி விட்டுச் சிரித்தாள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருடைய உள்ளங்கையில் வெள்ளைத்துணி முடிச்சொன்று இருந்தது. அதனுள்ளே ஒரு சிறு எலும்புத்துண்டு.

மனைவி குணலட்சுமி கண்மூடுமுன் கேட்டது ஒன்றே. தான் பிறந்த கீரிமலையின் தண்ணீரில் தன்னைச் சேர்க்கவேண்டும். மாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்குக் கொடுப்பது எளிது, வழிதான் இல்லை. வடக்கே, கீரிமலை வழியில், இராணுவத்தின் முட்கம்பியும் காவலரணும். தெற்கே போவதற்குப் பாஸ் வேண்டும். மேலே ஹெலி. குடாநாடு முழுவதும் வாய்கட்டிய சாக்கைப் போலக் கிடந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சாம்பலை உறவினர் வேறொரு கடலிற் கரைத்தார்கள். இந்த ஒரு துண்டை மாத்திரம் அவர் கொடுக்கவில்லை. அன்றுமுதல் அது மேசை லாச்சிக்குள் இருந்துகொண்டு அவரை உறங்கவிடவில்லை.

எஞ்சியிருந்தது ஒரே வழி. அது அவரே வகுப்புத்தோறும் எள்ளி நகையாடிய வழி.

எங்கே நின்று கண்டாள் என்பது இரண்டாம் கேள்வி.

கடைவாசலில் நின்றுதான் என்றாள். வாசலில் நின்று எட்டினால் கேணிப்படி. ஒருதரமல்ல, எத்தனையோ தரம். விடிந்துபோய்ப் பார்த்தால் தேசிக்காய்கள் மூலையில் ஒதுங்கிக் கிடக்குமாம்.

மாஸ்டரின் நெஞ்சு ஒருகணம் இளகியது.

மறுகணமே அந்தப் பெட்டிக்கடை அவர் நினைவுக்கு வந்தது. மாமனாருடைய அந்தியேட்டிக்குக் கீரிமலை சென்றபோது அங்கேதான் வாங்கினார், அரப்பும் தேசிக்காயும். கருமம் முடித்தவர்கள் தேசிக்காயை வெட்டித் தலையில் தேய்த்து முழுகுவார்கள். தேய்த்த காயைத் தண்ணீரோடு விட்டுவிடுவார்கள். அவரும் விட்டிருக்கிறார்.

ஆகவே மூன்றாம் கேள்வி தானாகவே நாவின் நுனியில் வந்து நின்றது. மிதந்தவை முழுக்காய்களா, வெட்டிய பாதிகளா?

முழுக்காயென்றால் கதைக்கு உயிர் உண்டு. பாதியென்றால், கேணியில் மிதந்தது அவள் முதல்நாள் விற்றதே.

பலாலி இராணுவமுகாம் பக்கம் ஷெல் ஒன்று புறப்பட்ட ஓசை கேட்டது. அது எங்கேயோ விழுந்து முடியும்வரை இருவரும் சுவரோடு ஒண்டி நின்றார்கள்.

அதன் பின்னரும் மாஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. குனிந்தார். முடிச்சை நீரில் விட்டார். கூடவே கூழாங்கல் ஒன்றையும் அதற்குள் வைத்துக் கட்டியிருந்தார். அது தயங்காமல் இறங்கி, நீலத்துக்குள் மறைந்தது.

அவர் நிமிர்ந்தபோது செல்வநாயகியின் முகத்தில் பகிடி இல்லை. சேலைத் தலைப்பை அவிழ்த்து, அதிலிருந்து அவருடையதைப் போன்ற ஒரு துணிமுடிச்சை எடுத்து இரு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தாள். யாருடையது என்று அவள் சொல்லவில்லை.

"மாஸ்டர்," என்றாள். "மெய்யாய் அங்கை போய்ச் சேருமோ?"

கண்டவள் கேட்கும் கேள்வி அல்ல அது.

"ஓம், தங்கச்சி," என்றார் மாஸ்டர். "சேரும்."