மந்திரவாதி தொட்ட வண்டி

"நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி தம்பி இது. இதுக்குப் போய் ஒரு மேடு ஏற முடியலைன்னா, நம்புவியா?"

மெக்கானிக் நம்பினான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் வந்த நேரத்திலிருந்து அவனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

"மலை மேல பேரன் பிறந்து பத்து நாளாச்சு. வீட்டுக்காரி அன்னிக்கே பஸ் ஏறிட்டா. நான்தான் இன்னும் குழந்தை முகத்தைப் பார்க்கலை. நேத்து முதல் தடவையா இதுல மலை ஏறினேன். பாதி வழியில, ஈரத்துல, முன் சக்கரம் ரெண்டும் நின்ன இடத்துலயே சுத்துது. பின்னாடி வந்த தம்மாத்துண்டு கார் ஹாரன் அடிச்சிட்டு ஏறிப் போகுது!"

"நீங்களும் பஸ்ல போயிருக்கலாமே சார்?"

"இப்படி ஒரு வண்டியை வெச்சுக்கிட்டா?"

மானப் பிரச்சினை. மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றினான்.

"இதுக்கு முன்னாடி யார்கிட்ட காட்டினீங்க?"

பெரியவரின் முகம் மலர்ந்தது. "அவர் மெக்கானிக் இல்லப்பா, மந்திரவாதி! மூணு வருஷம் முன்னாடி வண்டி அடியில 'ஊ'ன்னு ஒரு சத்தம். நான் ஏறி இறங்காத ஒர்க்ஷாப் இல்லை. அவர் ஒரே மணி நேரத்துல நிறுத்திட்டார். அதுக்கப்புறம் சத்தம் எட்டிக்கூடப் பார்க்கலை. வேற யாரையும் கைவைக்க விடாதீங்கன்னு கண்டிப்பா சொல்லியிருக்கார். போன மாசம் அவர் ஊர் மாறிட்டார். இல்லேன்னா உன்கிட்ட எதுக்கு வரேன்?"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று வண்டியை ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டான். அந்தரத்தில் முன் சக்கரங்கள் சுழன்றன. பின் சக்கரங்கள் தேமே என்று நின்றன. இன்ஜினை அணைத்துவிட்டு டார்ச்சுடன் அடியில் புகுந்தவன், வெளியே வந்தபோது சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

"சார், இன்ஜின் இழுவையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோக நடுவுல நீளமா ஒரு ஷாஃப்ட் இருக்கணும்."

"தேஞ்சு போச்சா?"

"இல்லவே இல்லை சார். சத்தம் அதுல இருந்துதான் வந்திருக்கு. ரிப்பேர் பண்ணத் தெரியாம, மொத்தமா கழட்டி எடுத்துட்டார் உங்க மந்திரவாதி. மூணு வருஷமா முன்னாடி ரெண்டு சக்கரம் மட்டும்தான் இந்த வண்டியை இழுத்துட்டிருக்கு."

பெரியவர் ஒரு பழைய டயரின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சும்மா விடாதீங்க சார். அந்த ஆள் எங்கே இருந்தாலும் போய், சட்டையைப் பிடிச்சு, ஷாஃப்ட் எங்கேடான்னு கேளுங்க!"

"எப்படிப்பா கேட்பேன்?" பெரியவரின் குரல் இறங்கியது. "அந்தத் திறமையில மயங்கித்தானே, மறு மாசமே என் பொண்ணை அவருக்குக் கட்டிக் கொடுத்தேன்!"