அழித்த மாடு

என் மனைவி அழகம்மாளின் கருமாதி முடிந்ததும், அவள் பெயர் வெட்டிய சீர்த் தாம்பாளத்தை என் மாமனார் மலையாண்டி கையில் எடுத்தார்.

"கீரனூர் ஆசாரிகிட்ட குடுத்து, பேரைத் தேய்ச்சுட்டு சொர்ணவல்லின்னு வெட்டிர்றேன் மாப்பிள்ளை. சின்னவளையும் ஒங்களுக்கே தாரேன்."

"வேண்டாம் மாமா. அவளாவது வேற வீட்டுக்குப் போகட்டும். தேய்ச்சாலும் பேரு போகாது."

பட்டணத்தில் படித்தபோது வாங்கிய டச்சு ஓவியர் ஒருவரின் படத்தைக் காட்டினேன். புல்லில் ஒரு மாடு படுத்திருந்தது.

"ஒத்த மாடுதானே?"

"பின்னால பாருங்க."

மங்கலாக இன்னொரு முதுகும் கொம்பும் தெரிந்தன.

"செம்புத் தகட்டுல கீறி, கீறல்ல மை ஏத்தி, தாளை அழுத்தி எடுத்தது. வரைஞ்சவரு ஒரு மாட்டை வேண்டாம்னு சுரண்டியிருக்காரு. ஆழமான கீறல் போகல. மையைப் பிடிச்சுக்கிச்சு."

"வெள்ளைக்காரனுக்குத் தேய்க்கத் தெரியல. நம்ம ஆசாரி அப்படி விடமாட்டாரு."

விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தாம்பாளத்தில் தேய்த்துத் துடைத்தேன். ஈரத்தாளை வைத்துக் கரண்டி முதுகால் அழுத்தி எடுத்தேன். எழுத்து இடம்வலம் மாறி விழுந்திருந்தது. தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"வாசிங்க மாமா."

அழகம்மாள் என்று கறுப்பாக இருந்தது. அதற்கு அடியில், சாம்பல் நிறத்தில், இருளாயி.

இருளாயி அவருடைய மூத்த மகள். என் முதல் மனைவி.

 மாமனார் துண்டால் கரியைத் துடைத்துத் தாம்பாளத்தைப் பையில் போட்டார்.

"இந்தத் தடவை நல்லா அழுத்தித் தேய்க்கச் சொல்றேன் மாப்பிள்ளை."