தேருக்கு முந்திய செய்தி

தேர் நகருமுன்பே "தேர்பவனியில் மக்கள் வெள்ளம்" என்று எழுதி அச்சுக்கு அனுப்புவதில் நிருபர் மரியசூசையை மிஞ்ச ஈரேழு உலகத்திலும் ஆள் கிடையாது. எழுதியது ஒன்றுகூடப் பொய்த்ததும் இல்லை. இந்த வருஷம் அந்த வேலையைப் பத்திரிகை அலுவலகத்தின் பேசும் ஏஐயிடம் விட்டார்.

கோவில்பத்து மாதா தேர்பவனிச் செய்தியைக் கண் சிமிட்டுவதற்குள் அது எழுதி வாசித்தது. கடைசி வரி இப்படி இருந்தது: "அழுக்குச் சட்டையில் வந்த நிருபரை அவர் மனைவி ஞானமேரி கூட்டத்திலேயே திட்டினார்."

"அவ செத்து ஆறு வருஷமாச்சுய்யா. அந்த வரிய எடுத்துடு" என்றார் மரியசூசை.

"எடுத்துடறேங்க. ஆனா அவங்க வந்துட்டாங்களே" என்றது ஏஐ.

உதவி ஆசிரியை கிறிஸ்டி சிரித்தாள். "சட்டை அழுக்குங்கறது நெசந்தானே, சார்?"

மரியசூசை வீட்டுக்குப் போய்ச் சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு திரும்பினார். "இப்பப் படி."

"சலவைச் சட்டையில் வந்த நிருபருக்கு, திறந்து கிடந்த மேல் பொத்தானை ஞானமேரி போட்டுவிட்டார்."

குனிந்து பார்த்தார். எல்லாப் பொத்தானும் ஒழுங்காகத்தான் போட்டிருந்தது.

"வரி அப்படியே இருக்கட்டும், அச்சுக்கு விடும்மா" என்று கிறிஸ்டியிடம் சொன்னார். பிறகு மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, கோயில் வாசலில் முதல் ஆளாகப் போய் நின்றார்.