பாதி வேகம்

"மெதுவா! இன்னும் மெதுவா! யார் கையும் அக்கா கையைத் தாண்டக் கூடாது!"

கத்தியவன் பெயர் நத்தை. பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அன்று காலை வகுப்புத் தோழர்கள் வைத்தது.

இறுதியாண்டு ஊடகவியல் மாணவர்கள் ஆளுக்கொரு பாட்டை வீடியோவாக எடுத்துக் காட்ட வேண்டும். நத்தை எடுத்துக்கொண்டது குதித்துக் குதித்து ஆட வேண்டிய பாட்டு. அதைப் பாதி வேகத்தில் ஒலிக்கவிட்டு, கல்லூரி ஸ்டுடியோவில் எல்லோரையும் இடுப்பளவு தண்ணீரில் நடப்பவர்கள் மாதிரி ஆட வைத்துக்கொண்டிருந்தான். பாடகரின் குரல் மாடு கத்துவதுபோல் வந்தது.

நடுவில் அவனுடைய அக்கா.

தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கும் நோய் அவளுக்கு. போன வருடம் ஓடிப்போய் பஸ் பிடித்தவள், இப்போது ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்குவதற்குள் பார்ப்பவர்களுக்கு மூச்சு முட்டியது. டாக்டர் கையை விரித்துவிட்டார். அடுத்த மாதம் அந்தக் கை எழும்புமா என்பதே சந்தேகம். அதனால்தான் இந்த வாரத்துக்குள் முழுப் பாட்டையும் எடுத்துவிட வேண்டும் என்று நத்தை பறந்துகொண்டிருந்தான்.

"டேய், ஸ்லோ மோஷன்தான் வேணும்னா கேமராவுலயே பாத்துக்கலாமே. எதுக்கு எங்க உயிரை வாங்குற?" கேமராவைப் பிடித்திருந்த தோழி கேட்டாள்.

"இது கனவுக் காட்சி. இப்படித்தான் இருக்கும்."

"கனவு வருதோ இல்லையோ, எனக்குத் தூக்கம் வருது" என்றான் ஆடிக்கொண்டிருந்த ஒல்லி.

அக்கா சிரித்துவிட்டாள். "உங்களுக்கெல்லாம் கஷ்டமா இருக்கா? எனக்கு நல்லா வருதேப்பா!"

அவள் முகத்தில் பெருமை. அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது ஒல்லிக்கு.

இடைவேளையில் வராந்தாவில் கொதித்தார்கள்.

"போன மாசம் கிளாஸ்ல ஒரு பாட்டு வீடியோவை அலசினோமே, ஞாபகம் இருக்கா? சக்கர நாற்காலில ஒரு பொண்ணு, மழை, ஹீரோ குடை பிடிக்கிறான். இவன் எழுந்து என்ன கிழி கிழிச்சான்! 'அந்தப் பொண்ணு வர்றது பாட்டுக்காக இல்ல, நாம அழணும்னு. நோயை விக்கிறாங்க'ன்னு!"

"இப்ப சொந்த அக்காவையே விக்கிறான். எல்லாம் மார்க்குக்காக."

"நிக்கவே முடியாதவங்கள ஆட வெச்சு... சே! வாங்க, மேடம்கிட்ட சொல்லிடலாம்."

மேடம் நல்லவர். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. விஷயத்தைக் கேட்டதுமே கண் கலங்கிவிட்டார்.

அவர் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது அக்கா அப்போதுதான் கையை உயர்த்தத் தொடங்கியிருந்தாள். மேடம் கேமராவைக் கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேதனை? பாவம், உன்னால முடியலைன்னுதானே எல்லாரும் இப்படி மெதுவா ஆடறாங்க. வா, வந்து உக்காரு."

அக்காவின் சிரிப்பு நின்றது. ஒல்லியைப் பார்த்தாள். மற்றவர்களைப் பார்த்தாள்.

"எனக்காகவா? கனவுக் காட்சின்னு சொன்னான்..."

மேடம் கைத்தாங்கலாக அவளை உட்கார வைத்தார்.

"நோயை விக்கக் கூடாதுன்னு எனக்கே பாடம் நடத்தினவன்டா நீ!" என்று நத்தையின் பக்கம் திரும்பினார்.

அவன் ஏதோ சொல்ல வந்தான். அக்காவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"வீட்டுக்குப் போலாம்டா" என்றாள் அக்கா.

"அக்கா, இன்னும் கொஞ்சம்தான்..."

"போலாம்."

அதன்பிறகு அவள் வரவில்லை. கெஞ்சினான், காலில் விழாத குறையாக அழுதான். "நான் எப்படி இருக்கேன்னு இப்பதான் எனக்கே தெரிஞ்சுதுடா, விட்ரு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லோரும் பயந்தபடியே அந்தக் கை எழும்பாமல் போனது. இனி எழும்பவும் போவதில்லை.

வீடியோக்களைத் திரையிடும் நாளில் நத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"எடுத்த வரைக்கும் போடுப்பா. பார்த்து மார்க் போடறேன்" என்றார் மேடம், கனிவாக.

"ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டறேன் மேடம். அதுக்காகத்தான் பாட்டைப் பாதி வேகத்துல போட்டேன்."

திரையில் பாட்டு அதன் சொந்தக் குரலில், சொந்த வேகத்தில் துள்ளியது. ஐந்து பேர் ஆடினார்கள். அக்காவின் கை சட்டென்று மேலே போனது. சுழன்றாள், முடி பறந்தது, மறுபடி சுழன்றாள். கண்கள் மட்டும் கொஞ்சம் படபடவென்று சிமிட்டின. ஒல்லிதான் ஒரு இடத்தில் அவளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினான்.

கேமராத் தோழி விம்மிவிட்டாள். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"சொல்லியிருந்தா நீங்க பாவம் பாத்துக்கிட்டே ஆடியிருப்பீங்க. அது உங்க மூஞ்சில தெரியும். அக்கா கண்டுபிடிச்சிடுவா. எரிச்சலோட ஆடினா பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

பாட்டு பாதிகூட முடியவில்லை. திரையின் ஓரத்திலிருந்து மேடம் விறுவிறுவென்று வந்தார்.

அந்த ஐந்து பேரில் நோயாளி யார் என்று அதுவரை பார்க்கிற யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் வந்து உட்கார வைத்த பிறகுதான் தெரிந்தது.