தாய் நக்கிய கன்று

பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள பண்ணையில், பழைய முறையில் வளர்ந்த மாடுகள் ஈன்றதும் கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பது கோமளாவின் வேலை. தாய் நக்கினால் அதன் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் கன்றின் வயிற்றுக்குள் போய்விடும். அவற்றுக்குப் பதிலாக ஆலையில் வளர்த்த நுண்ணுயிர்களைப் புட்டியில் புகட்டுவார்கள். அப்படி வளர்ந்த மாடு பாதித் தீவனத்தில் முழுப் பால் கறந்தது.

ஒரு செவலைக் கன்றுக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளவில்லை. தின்ற புல் செரிக்காமல் அப்படியே வெளியே வந்தது. விலா எலும்பு துருத்திக்கொண்டு, எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தது.

“தாய் வாய் பட்டாப் பொழைக்கலாம்,” என்றார் பண்ணையின் மாட்டு டாக்டர் ஷாஹினா. “ஆனா அப்புறம் பண்ணையில வெச்சுக்க முடியாது. மத்த கன்னுக்கெல்லாம் தொத்திரும்.”

“ஊட்டுக்குக் கொண்டுபோயிடறனுங்க டாக்டரம்மா.”

“உங்க வீடு மாடியில இருக்கே கோமளா, எங்க கட்டுவீங்க?”

“அதை அப்பறம் பாத்துக்கலாமுங்க.”

கன்றைத் தூக்கிப்போய்த் தாயின் முன்னால் விட்டாள். தாய் மோந்து பார்த்தது. பிறகு கண், காது, வாய் என்று ஓரிடம் விடாமல் நக்கியது. சாயங்காலம்வரை பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிரித்தபோது தாயோடு சேர்ந்து அவளும் அழுதாள்.

வீட்டுக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கன்றைக் கட்டியதற்காகக் கணவன் லோகநாதன் அவளோடு பேசவே இல்லை. அவள் சமைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் கீழேயிருந்து அவன் கத்துவது கேட்டது.

“ஓடியா புள்ள! அசை போடுது!”

அவள் இறங்கி வந்தபோது, வேலைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அவன் சாணத்தில் உட்கார்ந்து, கன்றின் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தான்.